சுவா சூ காங்கில் ஓர் இடம்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருகிறவர்களின் பட்டியலில் மெர்லயன் சிலை இருக்கும், செந்தோசா தீவு இருக்கும், முஸ்தபா கடை கட்டாயம் இருக்கும். சுவா சூ காங் இருக்காது. தீவின் வடமேற்கில், ரயில் வரைபடத்தின் சிவப்புத் தடத்தில் வரும் குடியிருப்பு நகரம் இது. அடுக்குமாடிகள், பள்ளிக்கூடங்கள், 'லாட் ஒன்' என்ற பேரங்காடி, அதை ஒட்டி ரயில் நிலையமும் பேருந்து முனையமும். படிக்க வருகிற நம்மூர் மாணவர்களும் முதலில் இங்கே வீடு தேடுவதில்லை. பல்கலைக்கழக விடுதியில் அறை கிடைக்காமல், நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வந்து இங்கே சேர்கிறோம்.

நான் கரூர்க்காரி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்காக வந்து, ஓராண்டுக்கு மேலாக சுவா சூ காங்கில் ஒரு வீட்டின் ஓர் அறையில் குடியிருக்கிறேன். படிப்பு எப்படிப் போகிறது என்று ஊரிலிருந்து கேட்பவர்களிடம் பாடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலும், பேச்சு இடத்தில்தான் வந்து நிற்கிறது. தங்க இடம், உட்கார இடம், பேச இடம்.

நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். எங்கள் கரூர் மாவட்டத்தில் கால் பங்கு. அதில் 60 லட்சம் பேர். யாருக்கு எங்கே, எவ்வளவு காலம் இடம் என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு சில நேரம் வியக்க வைக்கிறது. சில நேரம் வலிக்கிறது.

பெயருக்குள் ஓர் ஆறு

சுவா சூ காங் என்ற பெயரில் ஓர் ஆறும் ஒரு குடும்பமும் ஒளிந்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் தியோச்சியூ சீனர்கள் இந்தப் பக்கத்துக் காடுகளை வெட்டி மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். கம்பீர் ஒரு கொடி. அதன் இலையை வேகவைத்து எடுக்கும் சத்து, நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி போன்றது. தோல் பதனிடுவதற்காக அது ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. ஆற்றை ஒட்டிய ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் ஒரு தலைவர் இருந்தார். 'சூ காங்' என்பது அந்த ஆற்றங்கரைக் குடியிருப்பு. 'சுவா' என்பது தலைவரின் குலப்பெயர். லிம் சூ காங், இயோ சூ காங் என்ற மற்ற ஊர்ப் பெயர்களும் இப்படி வந்தவைதான்.

கம்பீர் மண்ணின் சத்தை வேகமாக உறிஞ்சிவிடும். 15, 20 ஆண்டுகளில் நிலம் ஓய்ந்துபோகும். தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். பலர் நீரிணையைத் தாண்டி ஜொகூருக்கே போய்விட்டார்கள். பிறகு இங்கே ரப்பர் வந்தது, காய்கறித் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் வந்தன. அடுக்குமாடிகள் எழும்பிய காலத்தில், 1990 மார்ச் 10-ஆம் தேதி ரயிலும் வந்து சேர்ந்தது. யாரும் நிலைத்து நிற்காத மண் என்று தொடங்கிய ஊரில், இன்று மூன்றாம் தலைமுறை வளர்கிறது.

"சமைப்பீங்களா?"

வாடகை அறை தேடும் இந்திய மாணவர்கள் எல்லாரும் இங்கே சந்திக்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, "எந்த ஊர்?" விளம்பரத்திலேயே 'சமையல் கூடாது' என்று போட்டுவிடுவார்கள். தாளிக்கும் வாசனைக்குப் பயம். ஒரு வீட்டுக்கு நேரில் போய் அறையைப் பார்த்து, பிடித்தும்விட்டது. மறுநாள் தரகரிடமிருந்து செய்தி வந்தது: வீட்டுக்காரர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லையாம், மன்னிக்கவும். இப்படி நான்கு இடங்களில் கேட்ட பிறகு கிடைத்ததுதான் இந்த அறை. மாதம் 850 வெள்ளி. நம் பணத்தில் 55,000 ரூபாய்க்கு மேல். கட்டில், மேசை, அலமாரி, ஒரு ஜன்னல். அப்பாவிடம் வாடகையைச் சொன்னபோது, "நம்ம வீட்டு மாடிய ஒரு வருஷத்துக்கு விட்டாலும் அவ்வளவு வராதும்மா" என்றார்.

வீட்டுக்காரர் சிங்கப்பூர்த் தமிழர். ஐம்பது வயதை நெருங்கும் அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். கணவர், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன், எண்பதைத் தாண்டிய அம்மா. பாட்டி பிறந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். அவருடைய அப்பா பிரிட்டிஷ் கப்பல்துறையில் வேலை பார்த்தவர். "சமைக்கலாம்மா. ஆனா கருவாடு மட்டும் ஞாயித்துக்கெழம, சன்னலத் திறந்து வச்சு" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

எங்கள் வரிசையில் ஒரு பக்கம் சீனக் குடும்பம், மறுபக்கம் மலாய்க் குடும்பம். தற்செயலாக அமைந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அரசு அடுக்குமாடிகளில் எந்த இனத்தவரும் ஒரே புளோக்கில் குவிந்துவிடக் கூடாது என்று 1989 முதல் இங்கே விதி இருக்கிறது. ஒவ்வொரு புளோக்குக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இன வாரியாக உச்சவரம்பு உண்டு. வீடு வாங்கும்போது அந்த வரம்பு எட்டிவிட்டால், அந்த இனத்தவருக்கு அங்கே வாங்க முடியாது. இதனால் சிறுபான்மையினருக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்க வேண்டுமானால், வாங்குகிறவர்கள் குறைவு, விலை இறங்கும். அக்காவின் அண்ணனுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. ஆனாலும் அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், அக்கா வாசலைக் காட்டுகிறார். அங்கே பக்கத்து வீட்டு மலாய் அம்மா நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்த பலகாரப் போத்தல் திரும்பிப் போகக் காத்திருக்கிறது. வெறும் போத்தலாகத் திருப்பக் கூடாது என்று அதில் முறுக்கு நிறைந்திருக்கிறது.

புளோக்கின் கீழ்த்தளத்தை வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்த் திருமணம், மேளமும் பிரியாணி வாசனையும். அடுத்த வாரமே அதே தூண்களுக்கு நடுவில் ஒரு சீனத் தாத்தாவின் இறுதிச் சடங்கு. இரண்டுக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும், தேதி முடிந்ததும் இடத்தைக் கழுவி விட வேண்டும்.

ஒரு டிஷ்யூ பாக்கெட்டின் மரியாதை

காலையில் வகுப்புக்குப் போவதற்குள் கோப்பிக் கடையில் நிற்பேன். இங்கே காபி என்று கேட்டால் புரியும், ஆனால் வரிசையில் நிற்கும் நேரம் கூடும். 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் போட்டது. 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும். 'கோப்பி சி' என்றால் சுண்டிய பால். சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோசோங்'. மலாய், ஹொக்கியன் என்று கலந்த இந்தச் சொற்களை இரண்டே வாரத்தில் நாக்கு பழகிக்கொண்டது.

மதிய நேரத்து உணவங்காடியில் காலி நாற்காலி கிடைப்பது கடினம். அப்போது மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால், அந்த இடம் யாருக்கோ ஒதுக்கப்பட்டது என்று பொருள். ஆள் எங்கோ வரிசையில் நிற்பார். யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். நம்மூர் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதன் சிங்கப்பூர் வடிவம். சண்டை மட்டும் கிடையாது.

பதினைந்து ஆண்டுகள்

சுவா சூ காங்கில் குடியிருக்கிறேன் என்றபோது, வகுப்பில் ஒரு சிங்கப்பூர் மாணவி சிரித்துக்கொண்டே, "கல்லறைப் பக்கமா?" என்றாள். வீடுகள் இருக்கும் பகுதியிலிருந்து மேற்கே போனால் பெரிய இடுகாடு வருகிறது. சிங்கப்பூரில் இன்னும் புதிதாக அடக்கம் செய்ய அனுமதி உள்ள ஒரே இடுகாடு. சீனர், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்று தனித்தனிப் பகுதிகள். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்களின் சிங் மிங் நாள் வரும்போது, மூதாதையரின் கல்லறையைத் துப்புரவு செய்து படையல் வைக்கக் குடும்பங்கள் திரண்டு வரும். சாலை நெரியும்.

1998 முதல் இங்கே ஒருவரைப் புதைத்தால் 15 ஆண்டுகளுக்குத்தான் இடம். காலம் முடிந்ததும் தோண்டி எடுக்கிறார்கள். எரிக்கலாம் என்னும் மதத்தவரின் எச்சம் எரிக்கப்பட்டு அஸ்தி மாடத்துக்குப் போகிறது. எரிக்கக் கூடாது என்னும் மதத்தவரைச் சிறிய குழிகளில், பலரைச் சேர்த்து மீண்டும் அடக்கம் செய்கிறார்கள். பக்கத்திலுள்ள தெங்கா விமானப் படைத் தளத்தை விரிவாக்குவதற்காக 80,000-க்கும் மேற்பட்ட பழைய கல்லறைகளை அகற்றப்போவதாக 2017-இல் அரசு அறிவித்தது.

இதைப் பாட்டியிடம் கேட்டேன். அவருடைய மாமனாரை இந்த இடுகாட்டில்தான் புதைத்தார்களாம். பிறகு எடுத்து எரித்தார்கள். "உயிரோட இருக்கறவனுக்கே வீடு வேணும்னு வரிசையில நிக்கறான். செத்தவன் நிரந்தரமாப் படுத்துக் கெடந்தா எப்படிம்மா?" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா

வாரத்தில் ஒரு நாள் தேக்காவுக்குப் போகாமல் இருக்க முடிவதில்லை. லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சுவா சூ காங்கிலிருந்து ஓட்டுநரில்லாத இலகு ரயிலில் புக்கிட் பாஞ்சாங். வழியில் ரயில் அடுக்குமாடிகளின் ஜன்னல்களை உரசுவது போலப் போகும். அப்போது ரயிலின் கண்ணாடி தானாக மங்கிவிடும், வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்காதிருக்க. புக்கிட் பாஞ்சாங்கில் நீலத் தடம் பிடித்தால் நேரே லிட்டில் இந்தியா.

இந்தப் பகுதி மாட்டுத் தொழுவங்களாலும் சுண்ணாம்புக் காளவாய்களாலும் வளர்ந்தது. பழைய தமிழர்கள் இதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். எருமை பெயரில் இன்றும் இரண்டு தெருக்கள் இருக்கின்றன, ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று மலாயில். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டு, சந்தையில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கி, கேம்பல் லேனில் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்குத் தாங்கும். அதே கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம்.

ஞாயிறு மாலை தேக்காவின் முகமே வேறு. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களும் வங்கதேசத்தவரும் திடல்களிலும் நடைபாதைகளிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, வீடியோவில் பிள்ளை முகம் பார்க்க, ஊர்க்காரரைச் சந்திக்க அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு மாலைதான். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து இங்கே கலவரம் வெடித்தது. பல பத்தாண்டுகள் சிங்கப்பூர் பார்க்காத ஒன்று. அதன் பிறகு மதுவுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குறையவில்லை.

ஒரு முறை புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் பக்கத்தில் ஓர் அண்ணன். புதுக்கோட்டைப் பக்கம். கைப்பேசியில் வந்த ஆங்கிலச் செய்தியைக் காட்டி, "தங்கச்சி, இது என்னன்னு கொஞ்சம் பாரும்மா" என்றார். மருத்துவமனையிலிருந்து வந்த மறுபரிசோதனைத் தேதி. சொன்னேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். சுவா சூ காங் என்றதும் முகம் மலர்ந்தது.

"எந்த புளோக்?"

எண்ணைச் சொன்னேன்.

"அதுக்கு பெயின்ட் அடிச்சதே நாங்கதாம்மா. பதினாறு வருஷமா இங்க இருக்கேன். அந்தப் பக்கம் எத்தனையோ புளோக்குக்கு அடிச்சிருக்கேன், வெளியில தொங்கிக்கிட்டே. உள்ள எப்படி இருக்கும் வீடு?"

மூன்று அறை, ஒரு கூடம், சின்னச் சமையலறை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

பிறகுதான் விதியைத் தேடிப் படித்தேன். மலேசியர் அல்லாத கட்டுமானத் தொழிலாளர் அரசு அடுக்குமாடியில் ஓர் அறையைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது. அவருக்கான இடம் ஊழியர் விடுதியில் ஒரு கட்டில். மாணவர் அனுமதிச்சீட்டு வைத்திருக்கிற நான் வந்த மாதமே அந்தச் சுவருக்கு உள்ளே குடியேறிவிட்டேன். இருவரும் ஒரே மொழி, அதிகத் தூரமில்லாத மாவட்டங்கள் என்று சொல்லிவிடலாம். கையிலிருக்கும் அட்டை வேறு. அந்த ஆண்டு முழுவதும் விரிவுரைகளில் கேட்டதைவிட அந்த ஐந்து நிறுத்தப் பயணம்தான் எனக்குள் அதிகம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஃபிரிட்ஜ் தமிழா, அக்கா?"

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பெயரில், ரூபாய்த் தாளுக்குப் பதிலாகக் கையில் புழங்கும் வெள்ளி நோட்டில், கட்டுமானத் தளத்து எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இருக்கிறது. 'லாட் ஒன்' மாடியிலுள்ள பொது நூலகத்தில் யாரும் அட்டை கேட்காமல் உட்கார்ந்து படிக்கலாம். வந்த புதிதில் இதையெல்லாம் படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பி மகிழ்ந்தேன்.

வீட்டுக்குள் கதை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். பத்தாண்டு முன்பு அது மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்தது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயர் பீட்டி சாலையில் ஒரு தமிழ் மொழி நிலையமாக வாழ்கிறது. இது சிறுபான்மை மொழிக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. நான் படிக்கும் வளாகமே ஒரு காலத்தில் நன்யாங் பல்கலைக்கழகம். 1955-இல் சீன மொழியில் கற்பிக்கத் தொடங்கப்பட்டது. ரிக்‌ஷா ஓட்டியவர்கள்கூட ஒரு நாள் கூலியைக் கொடுத்துக் கட்டியது. 1980-இல் அது ஆங்கிலவழிப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. தமிழர்கள் பக்கமும் அப்படி ஒரு கதை உண்டு. 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் மக்களிடம் நிதி திரட்டினார். அந்த நாளிதழ் இன்றும் வருகிறது. பாட்டி அதைத்தான் காலையில் முதலில் தேடுவார்.

அக்காவின் மகன் பாட்டியிடம் ஆங்கிலத்தில் பேசுவான், பாட்டி தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் புரியும். தமிழ் வீட்டுப்பாடம் என்றால் மட்டும் என் அறைக் கதவைத் தட்டுவான். ஒரு நாள் படம் பார்த்து வாக்கியம் எழுதும் பயிற்சி.

"அம்மா குளிர்பதனப் பெட்டியிலிருந்து பால் எடுத்தார்" என்று எழுதியிருந்தான்.

"சரிதான்டா தம்பி. ஃபிரிட்ஜ்னு சொல்லு, அதுதானே?" என்றேன்.

"அக்கா, ஃபிரிட்ஜ் தமிழா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் லிஃப்டை மின்தூக்கி என்பான், ஹைவேயை விரைவுச்சாலை என்பான். ஆனால் பசிக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்வான். நான் பசியையும் கோபத்தையும் தமிழில் சொல்வேன். மற்ற பாதிச் சொற்கள் ஆங்கிலம். அவனிடம் சொற்கள் இருக்கின்றன, புழக்கம் இல்லை. என்னிடம் புழக்கம் இருக்கிறது, சொற்கள் கழன்று விழுகின்றன. இப்போது இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். வீட்டுப்பாடம் முடிந்ததும் பத்து நிமிடம் சும்மா பேச வேண்டும். அவன் எனக்குப் புதுச் சொல் ஒன்று தருவான், நான் அவனுக்கு ஒரு கரூர்ச் சொல் தருவேன். போன வாரம் 'வெள்ளென' கற்றுக்கொண்டான். மறுநாள் காலையில் பாட்டியிடம் போய், "பாட்டி, வெள்ளென எழுந்துட்டேன்" என்று சொல்ல, பாட்டி கையிலிருந்த தமிழ் முரசை மடித்து வைத்துவிட்டு அவனையே பார்த்தார். "எங்க அப்பா சொல்ற வார்த்தைடா" என்றார்.

வருகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் படிக்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில சொற்கள். கல்விக் கட்டணத்தோடு அறை வாடகையையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் வையுங்கள். ஒரு வேளைச் சோறு உணவங்காடியில் நாலைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் முழுநேர மாணவர்கள் பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். அதை நம்பி வாடகைக்குத் திட்டமிடாதீர்கள். கல்லூரிக்கு ஒரு மணி நேரப் பயணம் என்று தயங்க வேண்டாம். சுவா சூ காங்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட், அங்கிருந்து பச்சைத் தடத்தில் பயனியர், பிறகு பேருந்து. பாதிப் பாடத்தை ரயிலில் முடித்துவிடலாம்.

சுற்றுலாவாக வரும் குடும்பங்களுக்கும் ஒன்று. தேக்காவைப் பார்த்த மறுநாள், நீலத் தடத்தில் கடைசி வரை வந்து, கண்ணாடி மங்கும் அந்தச் சின்ன ரயிலில் ஏறி இந்தப் பக்கம் ஒரு மாலை வாருங்கள். புளோக்கின் கீழே கல்மேசையில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்களைப் பாருங்கள். கோப்பிக் கடையில் ஒரு 'கோப்பி சி' குடியுங்கள். மின்தூக்கியில் பள்ளிச் சீருடையில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றால், எந்த வகுப்பு என்று தமிழில் கேளுங்கள். முதலில் ஆங்கிலத்தில் பதில் வரலாம். நீங்கள் தமிழிலேயே இன்னொரு கேள்வி கேளுங்கள்.